அந்தலூஸ்: மூன்று மதத்தினர் வாழ்ந்த ஸ்பெயின் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இடைக்கால ஸ்பெயினைப் பற்றி எங்கே பேசினாலும் கூட்டம் முடிந்ததும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் வருகின்றன. பாதிப் பேர் அதை மதங்களின் சொர்க்கம் என்று கேள்விப்பட்டிருக்கிறார்கள். மீதிப் பேர் ஓயாத மதப்போர் என்று படித்திருக்கிறார்கள். அந்தக் கேள்விகளை, கேட்டவர்களின் வாய்மொழியை ஒட்டியே, எளியவற்றிலிருந்து சிக்கலானவை நோக்கி அடுக்கியிருக்கிறேன்.

அந்தலூஸ் எங்கே இருக்கிறது? உலக வரைபடத்தில் அப்படி ஒரு நாடே இல்லையே?

இன்றைய ஸ்பெயினும் போர்ச்சுக்கலும் அமைந்துள்ள இபேரியத் தீபகற்பத்தில், முஸ்லிம் ஆட்சியின்கீழ் இருந்த பகுதிக்கு அரபு மொழியில் அந்தலூஸ் என்று பெயர். 8ஆம் நூற்றாண்டில் வடக்கு மலைப்பகுதி நீங்கலாக ஏறக்குறைய முழுத் தீபகற்பமும் அதில் அடங்கியிருந்தது. 13ஆம் நூற்றாண்டின் நடுவில் அது தெற்கே கிரனாடாவும் சுற்றுப்புறமும் என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. 1492இல் அதுவும் போயிற்று.

ஆகவே “அந்தலூஸில் இப்படி இருந்தது” என்று யாராவது சொன்னால், எந்த ஆண்டு, எந்த ஊர், யார் ஆட்சி என்று உடனே கேட்டுவிடுங்கள். ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகளை ஒரே வாக்கியத்தில் அடைக்கப் பார்ப்பதால்தான் இந்த வரலாற்றில் பாதிக் குழப்பம் வருகிறது.

முஸ்லிம்கள் வருவதற்கு முன்னால் அங்கே யார் ஆண்டார்கள்? அப்போது எல்லோரும் கிறிஸ்தவர்கள்தானே?

விசிகோத் என்னும் ஜெர்மானிய இனத்தார் தொலேதோவைத் தலைநகராகக் கொண்டு ஆண்டார்கள். 589இல் அவர்களுடைய மன்னர் ரெக்காரெது கத்தோலிக்கத்தை ஏற்ற பிறகு அரசும் திருச்சபையும் கைகோத்தன. யூதர்கள் உரோமர் காலத்திலிருந்தே அங்கே வாழ்ந்து வந்தார்கள். 7ஆம் நூற்றாண்டில் அவர்கள்மீது அடுக்கடுக்காகச் சட்டங்கள் பாய்ந்தன. சிசெபூத்து மன்னர் கட்டாய மதமாற்றத்துக்கு ஆணையிட்டார்; 694இல் தொலேதோவில் கூடிய திருச்சபைப் பேரவை யூதர்களை அடிமைகளாக்கவே தீர்மானித்தது.

சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்ததா என்பது வேறு விஷயம். ஆனால் அடுத்து வந்த ஆட்சியை யூதர்கள் ஏன் கண்ணீரோடு எதிர்கொள்ளவில்லை என்பது இதிலேயே விளங்கிவிடும்.

சில ஆயிரம் பேர் கப்பலில் வந்து ஒரு நாட்டையே பிடித்துவிட முடியுமா?

711இல் தாரிக் இப்னு சியாத் வட ஆப்பிரிக்காவிலிருந்து நீரிணையைக் கடந்தார். அவருடைய படையில் பெரும்பாலோர் வட ஆப்பிரிக்காவின் பூர்வகுடிகளான பெர்பர்கள். எதிரே நின்ற மன்னர் ரோதெரிகோவின் அரியணை உரிமையே தகராறில் இருந்தது. ஒரே பெரும்போரில் அவர் வீழ்ந்ததும் அரசு நிலைகுலைந்தது. மறு ஆண்டு மூசா இப்னு நுசைர் கூடுதல் படையோடு வந்து சேர்ந்தார்.

வாளைப் போலவே ஒப்பந்தமும் வேலை செய்தது. தென்கிழக்கில் தியோதெமீர் என்ற கிறிஸ்தவத் தலைவர் 713இல் மூசாவின் மகனோடு செய்துகொண்ட உடன்படிக்கையின் வாசகம் இன்றும் கிடைக்கிறது. அவர் தம் பதவியில் தொடரலாம், தேவாலயங்களை எரிக்கக்கூடாது, யாரையும் மதம் மாறச் சொல்லிக் கட்டாயப்படுத்தக்கூடாது. பதிலுக்கு ஒவ்வொரு சுதந்திரக் குடிமகனும் ஆண்டுதோறும் ஒரு தினார் பொன்னும், கோதுமை, பார்லி, திராட்சைச் சாறு, வினிகர், தேன், எண்ணெய் ஆகியவற்றைக் குறிப்பிட்ட அளவும் தரவேண்டும். அடிமைக்கு அதில் பாதி. தேனும் வினிகரும் அளந்து எழுதப்பட்ட அந்தப் பட்டியலை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் சொல்லப்போகும் பலவற்றுக்கும் அதுவே திறவுகோல். இந்த நாட்டில் மூன்று மதத்தாரின் கூட்டுவாழ்வு பெரும்பாலும் இப்படி எழுதிவைத்த ஏற்பாடுகளின்மேல்தான் நின்றது.

அப்படியானால் மக்களை வாள்முனையில் மதம் மாற்றவில்லையா?

முதல் நூற்றாண்டுகளில் அது பொது வழக்கமாக இருக்கவில்லை. மதம் மாறாத குடிகள் தலைவரி செலுத்தினார்கள். அது கருவூலத்துக்கு வருமானம். மாற்றம் மெல்ல, தலைமுறை தலைமுறையாக நடந்தது. வரி, பதவி, திருமணம், பக்கத்து வீட்டுப் பழக்கம் எல்லாமே காரணம். 10ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் முஸ்லிம்கள் பெரும்பான்மை ஆகியிருப்பார்கள் என்பது பரவலான கணிப்பு.

மதம் மாறாதவர்களும் மொழியில் மாறினார்கள். 854 வாக்கில் கோர்தோபா நகரத்துக் கிறிஸ்தவரான அல்வாருஸ், நம் பிள்ளைகள் அரபுக் கவிதையில் மயங்கிக் கிடக்கிறார்கள், ஆயிரத்தில் ஒருவனுக்குக்கூட ஒழுங்காக இலத்தீனில் கடிதம் எழுத வரவில்லை என்று புலம்பினார். அதே ஆண்டுகளில், 850க்கும் 859க்கும் இடையில், அதே நகரத்தில் ஏறக்குறைய ஐம்பது கிறிஸ்தவர்கள் இஸ்லாத்தைப் பழித்தது, இஸ்லாத்திலிருந்து விலகியது ஆகிய குற்றங்களுக்காக மரண தண்டனை பெற்றார்கள். பலர் வேண்டுமென்றே நீதிபதி முன் போய்ப் பேசியவர்கள். அவர்களைப் போற்றி எழுதிய யூலோகியுஸ் பாதிரியாரும் கடைசியில் கொல்லப்பட்டார். அரபுக் கவிதையில் திளைத்த இளைஞர்களும் இந்த மறைசாட்சிகளும் ஒரே தெருக்களில் நடந்தவர்கள்.

தலைவரியைக் கட்டிவிட்டால் மற்றபடி எல்லோரும் சமம்தானா?

இல்லை. ஜிஸ்யா எனப்படும் அந்த வரி பாதுகாப்புக்கு விலை, சமத்துவத்துக்கு அல்ல. கிறிஸ்தவர்களும் யூதர்களும் தங்கள் வழிபாட்டையும் தங்கள் நீதிமன்றங்களையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் சட்டப்படி புதிய தேவாலயமோ தொழுகைக்கூடமோ எழுப்பக்கூடாது, ஊர்வலமும் மணியோசையும் அடங்கி இருக்கவேண்டும், முஸ்லிமை மதம் மாற்றக்கூடாது. முஸ்லிம் ஆண் கிறிஸ்தவப் பெண்ணை மணக்கலாம். கிறிஸ்தவ ஆண் முஸ்லிம் பெண்ணை மணக்க முடியாது. விதிகள் எவ்வளவு கடுமையாக அமலாயின என்பது ஆட்சியாளரையும் காலத்தையும் பொறுத்து மாறியது.

இன்றைய அளவுகோலில் இது பாகுபாடு. அதை மழுப்பத் தேவையில்லை. அதே சமயம், 694இல் தொலேதோ தீர்மானித்ததோடு ஒப்பிட்டால், யூதருக்கு இது மூச்சுவிட இடம் கொடுத்தது.

பொற்காலம் என்கிறார்களே, அது எப்போது?

பெரும்பாலும் கோர்தோபாவின் 10ஆம் நூற்றாண்டைத்தான் சொல்கிறார்கள். 756இல் உமையா என்னும் அரபு அரசமரபின் இளவரசர் முதலாம் அப்துர் ரஹ்மான் அங்கே ஆட்சியை நிறுவினார். அவர் வழிவந்த மூன்றாம் அப்துர் ரஹ்மான் 929இல் தம்மைக் கலீபா, அதாவது முஸ்லிம்களின் தலைவர், என்று அறிவித்தார். 936 வாக்கில் நகருக்கு வெளியே மதீனத் அஸ்-ஸஹ்ரா என்னும் அரண்மனை நகரத்தை எழுப்பத் தொடங்கினார். அவர் மகன் இரண்டாம் ஹகமின் நூலகத்தில் நான்கு லட்சம் நூல்கள் இருந்ததாகப் பழைய ஆசிரியர்கள் எழுதினார்கள். எண் மிகையாக இருக்கலாம். நூல்களின்மேல் அவருக்கிருந்த பித்து மிகையல்ல.

அந்த அரசவையில் யூத மருத்துவர் ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத் வெளியுறவைக் கவனித்தார். ரெசெமுந்தோ என்ற கிறிஸ்தவர் கலீபாவின் தூதராக ஜெர்மானிய மன்னர் முதலாம் ஓட்டோவிடம் போய்வந்தார். ஆயர் பதவியும் பெற்றார். கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து ஆண்ட பைசாந்தியப் பேரரசர், தியோஸ்கோரிதேஸ் என்ற பண்டைய மருத்துவரின் மூலிகை நூலைக் கிரேக்க மொழியில் பரிசாக அனுப்பியபோது, படித்துச் சொல்லக் கோர்தோபாவில் ஆள் இல்லை. அங்கிருந்தே நிக்கோலாஸ் என்ற துறவி வரவழைக்கப்பட்டார். ஹஸ்தாயும் முஸ்லிம் மருத்துவர்களும் அவரோடு உட்கார்ந்து ஒவ்வொரு செடியாக அடையாளம் கண்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி இன்னொன்று. லியோன் நாட்டு மன்னர் சாஞ்சோ, குதிரை ஏற முடியாத அளவுக்கு உடல் பெருத்து, 958இல் அரியணையை இழந்தார். நவாரா நாட்டு அரசி தோதா, தம் மகள் வயிற்றுப் பேரனான அவரை அழைத்துக்கொண்டு கோர்தோபாவுக்கே போனார். வைத்தியம் பார்த்தவர் ஹஸ்தாய். சாஞ்சோ இளைத்தார், கலீபாவின் படை உதவியோடு 960இல் மீண்டும் மன்னரானார். விலையாக எல்லைக் கோட்டைகள் கேட்கப்பட்டன. இதில் தோதா வேறு யாருமல்ல, கலீபாவுக்கு அத்தை முறை: கலீபாவின் தந்தையைப் பெற்ற ஒன்னெக்காவே தோதாவுக்கும் தாய். கிறிஸ்தவப் பேரனுக்கு யூதர் மருந்து கொடுக்க, முஸ்லிம் அண்ணன் மகன் படை கொடுத்தார். உறவும் அரசியலும் பேரமும் இப்படிப் பின்னிக் கிடந்தன.

யூதர் ஒருவர் முஸ்லிம் அரசின் படையையே நடத்தினாராமே, உண்மையா?

உண்மை. 1031இல் கலீபா ஆட்சி சிதறி, நகரத்துக்கு ஓர் அரசு என்று ஆனது. கிரனாடாவின் பெர்பர் அரசில் சாமுவேல் இப்னு நக்ரேலா தலைமை அமைச்சரானார். எபிரேயக் கவிஞர், மறைநூல் அறிஞர், போர்க்களத்துக்கும் போனவர். 1056இல் இறந்தார்.

அவருக்குப் பின் மகன் யோசேப்பு அமைச்சரானார். 1066 டிசம்பரில் கிரனாடாவில் கூட்டம் அரண்மனைக்குள் புகுந்து அவரைக் கொன்றது. நகரத்து யூதர்களில் மிகப் பலர் படுகொலை செய்யப்பட்டார்கள். யூதரை உயர்ந்த இடத்தில் வைத்ததற்காக மன்னரைக் கண்டித்து ஒருவர் எழுதிய கவிதை அதற்கு முன் ஊரில் சுற்றியது. தந்தையின் உயர்வை மட்டும் சொல்பவரும் மகனின் முடிவை மட்டும் சொல்பவரும் கிரனாடாவின் கதையைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்.

எல் சித் முஸ்லிம்களை எதிர்த்த கிறிஸ்தவ வீரர்தானே?

ரோட்ரிகோ தியாஸ் என்னும் எல் சித் 1081இல் தம் மன்னரால் நாடுகடத்தப்பட்ட பிறகு பணியில் போய்ச் சேர்ந்த இடம் சரகோசாவின் முஸ்லிம் அரசு. அவர்களுக்காகப் போரிட்டு, மறு ஆண்டே பார்சிலோனாவின் கிறிஸ்தவக் கோமகனைச் சிறைப்பிடித்தார். 1094இல் வாலென்சியாவைக் கைப்பற்றி, 1099இல் இறக்கும்வரை தாமே ஆண்டார்.

அக்காலத்து முஸ்லிம் சிற்றரசுகள் வடக்கே இருந்த கிறிஸ்தவ மன்னர்களுக்குப் பொன்னாகக் கப்பம் கட்டின. அந்தப் பொன்னில் தேவாலயங்கள் எழும்பின. எண்ணூறு ஆண்டுகள் இரண்டு மதங்கள் எதிரெதிரே அணிவகுத்து நின்றன என்ற பள்ளிப்பாடச் சித்திரம் இதையெல்லாம் அழித்துவிடுகிறது. மதப்போர் என்ற எண்ணம் இருக்கவே இல்லை என்று சொல்லவரவில்லை. 1212இல் லாஸ் நவாஸ் தெ தோலோசா போருக்குப் போப்பாண்டவரே சிலுவைப்போர் அறிவித்தார். அது கூடியும் குறைந்தும் வந்த ஒன்று.

யூத மெய்யியலாளர் மைமோனிதெஸ் கோர்தோபாவில் பிறந்தார், கெய்ரோவில் இறந்தார். ஏன் ஊரை விட்டுப் போனார்?

1085இல் தொலேதோ கிறிஸ்தவர் கைக்குப் போனதும், பயந்த முஸ்லிம் சிற்றரசர்கள் மொராக்கோவை ஆண்ட முராபித்து என்னும் பெர்பர் அரசமரபினரை உதவிக்கு அழைத்தார்கள். வந்தவர்கள் நாட்டையே எடுத்துக்கொண்டார்கள். அவர்களை வீழ்த்தி 1140களில் முவஹ்ஹித்துகள் என்ற இன்னொரு பெர்பர் அரசமரபினர் வந்தார்கள். தலைவரிக்கு ஈடான பாதுகாப்பு என்ற பழைய ஏற்பாட்டையே இவர்கள் கைவிட்டார்கள்: மதம் மாறு, அல்லது வெளியேறு. இளம் மைமோனிதெஸின் குடும்பம் ஊர் ஊராக அலைந்து, மொராக்கோ வழியாக எகிப்து போய்ச் சேர்ந்தது. அங்கே இன்னொரு முஸ்லிம் அரசில் அவர் அரசவை மருத்துவராகி, தம் மெய்யியல் நூலை எபிரேய எழுத்தில் அரபு மொழியில் எழுதினார். மற்ற யூதர்கள் பலர் கிறிஸ்தவத் தொலேதோவுக்கு ஓடினார்கள்.

அடி யூதர்மேல் மட்டும் விழவில்லை. அதே கோர்தோபாவில் பிறந்த முஸ்லிம் மெய்யியலாளர் இப்னு ருஷ்துவையும் 1195இல் லூசேனாவுக்கு நாடுகடத்தி, அவருடைய மெய்யியல் நூல்களை எரித்தார்கள்.

கிறிஸ்தவ மன்னர்கள் வென்ற ஊர்களில் முஸ்லிம்களும் யூதர்களும் எப்படி இருந்தார்கள்?

தியோதெமீர் உடன்படிக்கையைத் திருப்பிப் போட்டதுபோல: வரி கட்டு, உன் மதத்தையும் நீதிபதியையும் வைத்துக்கொள். இப்படித் தங்கிய முஸ்லிம்களை முதேகர்கள் என்றார்கள். தாழ்ந்த நிலையும் அதேபோலத்தான். 1215இல் உரோமில் கூடிய இலாத்தரன் திருச்சபைப் பேரவை யூதரும் முஸ்லிமும் தனி உடையடையாளம் அணியவேண்டும் என்றது. ஊருக்கு ஊர் நிலைமை வேறுபட்டது. 1238இல் பிடிபட்ட வாலென்சியா நாட்டில் முஸ்லிம் உழவர்கள் பெரும்பான்மையாகத் தொடர்ந்தார்கள். 1248இல் நீண்ட முற்றுகைக்குப் பின் விழுந்த செவில் நகரம் முஸ்லிம்கள் இல்லாமல் காலியாக்கப்பட்டது.

செவிலை வென்ற மன்னர் மூன்றாம் பெர்னாந்தோவின் கல்லறை அந்த நகரப் பேராலயத்தில் இருக்கிறது. அதில் இலத்தீன், காஸ்தீலியம் (இன்றைய ஸ்பானிய மொழியின் பழைய வடிவம்), அரபு, எபிரேயம் என நான்கு மொழிகளில் கல்வெட்டுகள். ஒரே மரணத்துக்கு அரபில் ஹிஜ்ரி 650, எபிரேயத்தில் 5012, காஸ்தீலியத்தில் பழைய ஸ்பானிய ஆண்டு 1290. நம் கணக்கில் 1252. நான்கும் மன்னரைப் புகழ்கின்றன. ஆனால் புறச்சமயத்தார் கையிலிருந்து செவிலைப் பிடுங்கிக் கிறிஸ்தவ வழிபாட்டுக்கு மீட்டார் என்ற வரி இலத்தீனில் மட்டுமே இருக்கிறது. முஸ்லிமும் யூதரும் படிக்கக்கூடிய மொழிகளில் அதை எழுதவில்லை. யாரிடம் எதைச் சொல்லவேண்டும் என்று கணக்குப் பார்த்த அரசு அது.

தொலேதோவில் பெரிய மொழிபெயர்ப்புக் கல்லூரி இருந்ததாமே?

கல்லூரிக் கட்டடம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. தேவாலயத்தை ஒட்டி வாழ்ந்த அறிஞர்கள் இருந்தார்கள். கிரெமோனாவைச் சேர்ந்த ஜெரார்து, பண்டைய அறிஞர் தாலமியின் வானியல் நூலைத் தேடி இத்தாலியிலிருந்து வந்து, 1187இல் இறக்கும்வரை தங்கி, எழுபதுக்கு மேற்பட்ட அரபு நூல்களை இலத்தீனுக்குக் கொண்டுவந்தார்.

வேலை நடந்த முறை சுவையானது. ஆன்மாவைப் பற்றிய இப்னு சீனாவின் நூலை மொழிபெயர்த்தபோது, யூத அறிஞர் ஒருவர் அரபு வாசகத்தைச் சொல் சொல்லாக உள்ளூர்ப் பேச்சுமொழியில் சொல்ல, தொமிங்கோ குந்திசால்வோ என்ற பாதிரியார் கேட்டுக் கேட்டு இலத்தீனில் எழுதினார். பாரசீக முஸ்லிம் எழுதியது, யூதர் வாயிலாகக் கிறிஸ்தவர் கைக்கு வந்தது. 13ஆம் நூற்றாண்டில் காஸ்தீலிய மன்னர் பத்தாம் அல்போன்சோ இலத்தீனுக்குப் பதில் காஸ்தீலிய மொழியிலேயே நூல்களை ஆக்கவைத்தார். அவருடைய வானியல் அட்டவணைகளைத் தொகுத்த இருவரும் யூதர்கள்.

கோர்தோபா கட்டடம் பள்ளிவாசலா, தேவாலயமா?

இன்று அது கத்தோலிக்கப் பேராலயம். முஸ்லிம் தொழுகைக்கு அனுமதி இல்லை. 785 வாக்கில் பள்ளிவாசலாகத் தொடங்கி, இருநூறு ஆண்டுகளில் பலமுறை விரிவாக்கினார்கள். பழைய உரோமக் கட்டடங்களிலிருந்து எடுத்த தூண்கள் உயரம் போதாததால், வளைவுக்கு மேல் இன்னொரு வளைவு ஏற்றினார்கள். சிவப்புச் செங்கல்லும் வெண்கல்லும் மாறி மாறி வரும் அந்த இரட்டை வளைவுகளைத்தான் படங்களில் பார்க்கிறீர்கள். தொழுகைத் திசை மாடத்தின் பொன் மொசைக்கைப் பதிக்கக் கைவினைஞரையும் சில்லுகளையும் அனுப்பியவர் பைசாந்தியத்தின் கிறிஸ்தவப் பேரரசர்.

1236இல் நகரம் வீழ்ந்ததும் அது தேவாலயமானது. ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் அமைப்பை அதிகம் மாற்றாமல் வழிபட்டார்கள். 1523இல் நட்டநடுவே பெரிய ஆலயக்கூடம் எழுப்ப ஆயர் முனைந்தபோது, தடுக்கப் பார்த்தது கோர்தோபாவின் கிறிஸ்தவ நகரசபை. பேரரசர் ஐந்தாம் சார்லஸ் ஆயர் பக்கம் சாய்ந்தார்.

இவ்வளவு நூற்றாண்டு சேர்ந்து வாழ்ந்தவர்கள் ஏன் 1492இல் திடீரென்று விரட்டப்பட்டார்கள்?

திடீரென்று நடக்கவில்லை. 1391ஐப் பலர் தவறவிடுகிறார்கள். செவிலில் பெர்ரான் மார்தீனெஸ் என்ற திருச்சபை அதிகாரி ஆண்டுக்கணக்கில் யூதருக்கு எதிராகப் பிரசங்கம் செய்துவந்தார். அரசரும் பேராயரும் கண்டித்தும் அடங்கவில்லை. 1390இல் இருவரும் இறந்து, சிறுவன் அரியணை ஏறினான். மறு ஆண்டு ஜூனில் செவிலில் வெடித்த கொலை, கோடையிலேயே கோர்தோபா, தொலேதோ, வாலென்சியா, பார்சிலோனா என்று பரவியது. உயிர்தப்பப் பல்லாயிரம் பேர் திருமுழுக்குப் பெற்றார்கள். அப்படி மாறியவர்கள் உண்மையில் மாறினார்களா என்ற சந்தேகமே நூறாண்டு நோயாக வளர்ந்து, 1478இல் போப்பின் அனுமதியோடு, மதம் மாறியவர்களின் விசுவாசத்தைச் சோதிக்கும் விசாரணை மன்றத்தைக் (இன்குவிசிஷன்) கொண்டுவந்தது.

1492 மார்ச் 31இல் மன்னர் பெர்னாந்தோவும் அரசி இசபெல்லாவும் யூதர்களுக்கான வெளியேற்ற ஆணையில் கையெழுத்திட்டார்கள். நான்கு மாதக் கெடு. பொன், வெள்ளி, நாணயம் எடுத்துப்போகக்கூடாது. பல யூதக் குடும்பங்கள் போர்ச்சுக்கலுக்குப் போயின. 1497இல் அங்கேயும் கட்டாய மதமாற்றம். மற்றவர்கள் மொராக்கோவுக்கும் உதுமானியப் பேரரசுக்கும் போனார்கள்.

கிரனாடா சரணடைந்தபோது முஸ்லிம்களுக்கு வாக்குறுதி கொடுக்கவில்லையா?

கொடுத்தார்கள், விரிவாக, எழுத்தில். 1491 நவம்பர் உடன்படிக்கை பள்ளிவாசல், சட்டம், சொத்து, நீதிபதி அனைத்துக்கும் உறுதியளித்தது. முதல் பேராயர் தலவேரா பொறுமையாக இருந்தார். தம் பாதிரிமாரை அரபு கற்கச் சொன்னார். 1499இல் தொலேதோ பேராயர் சிஸ்னேரோஸ் வந்தார். கூட்டம் கூட்டமாகத் திருமுழுக்கு, தெருவில் அரபு நூல்களுக்குத் தீ. மக்கள் கிளர்ந்தார்கள், கிளர்ச்சி செய்ததால் உடன்படிக்கை செல்லாது என்றது அரசு. 1502இல் காஸ்தீலிய முஸ்லிம்கள் மதம் மாறவேண்டும் அல்லது வெளியேறவேண்டும் என்று ஆணை வந்தது. மாறியவர்களின் சந்ததியாரும் தப்பவில்லை: 1609 முதல் 1614 வரை ஏறக்குறைய மூன்று லட்சம் பேர், திருமுழுக்குப் பெற்ற கிறிஸ்தவர்களாகவே, கப்பலேற்றப்பட்டார்கள்.

713இலும் 1491இலும் எழுதிய தாள்களில் இருந்த வாக்குறுதிகள் ஏறக்குறைய ஒன்றுதான். தியோதெமீர் காலத்தில் வென்றவர்கள் எண்ணிக்கையில் சிறியவர்கள், குடிகளின் ஒத்துழைப்பு அவர்களுக்குத் தேவைப்பட்டது. 1499இல் அந்தத் தேவை தீர்ந்துவிட்டது என்பது என் கருத்து.

நம் பக்கத்துக்கு இதில் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. பஞ்சதந்திரக் கதைகள் பாரசீகம் வழியாக அரபுக்குப் போய், 1251இல் காஸ்தீலியத்தில் மொழிபெயர்க்கப்பட்டன. இந்திய எண்கள் இடம்பெற்ற மிகப் பழைய ஐரோப்பியக் கையெழுத்துப் பிரதி, 976இல் வட ஸ்பெயினில் அல்பெல்தா மடத்தில் எழுதப்பட்டது. அதில் ஒன்று முதல் ஒன்பது வரை இருக்கின்றன, பூஜ்யம் இல்லை. எழுதிய துறவி இந்தியரின் நுண்ணறிவைப் பாராட்டியிருக்கிறார்.

மக்களும் வந்தார்கள். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி யூதத் தொழுகைக்கூடத்தை எழுப்பியவர்களில் இபேரியாவிலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்களின் வழிவந்தவர்கள் இருந்தார்கள். சென்னையிலும் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், புனித ஜார்ஜ் கோட்டையை ஒட்டிப் போர்ச்சுக்கீசிய யூத வணிகர்கள் கோல்கொண்டா வைரத்தை வாங்கி லண்டனுக்கு அனுப்பினார்கள். 1688இல் அமைந்த மதராஸ் மாநகராட்சியின் முதல் ஆல்டர்மேன்களில் (நகர மன்ற மூத்த உறுப்பினர்களில்) அவர்களும் இடம்பெற்றார்கள்.